ஞாயிற்றுக்கிழமைக் கோபம்

சூடு எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. இதைச் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "சூடு பரவுறதுக்கு எதுக்குக் கணக்கு? தொட்டா தெரிஞ்சிட்டுப் போகுது" என்பார்கள். தொட்டால் தெரியும்தான். ஆனால் ஓடு சுடும் சூளைக்குள் கையை விட்டுப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வேலையில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. சூளையின் நீளத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். நேரத்தைச் சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் ஒவ்வொரு கட்டமும் இடப்பக்கத்தானையும் வலப்பக்கத்தானையும் எட்டிப் பார்க்கும். அவர்கள் சூடாக இருந்தால் தானும் கொஞ்சம் சூடாகும், ஆறியிருந்தால் தானும் கொஞ்சம் ஆறும். அவ்வளவுதான் சங்கதி. இதையே லட்சக்கணக்கான தடவை செய்யக் கம்ப்யூட்டருக்கு அலுப்பதில்லை. அலுப்பெல்லாம் எனக்கு.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பக்கத்துக் கட்டத்தான் போன அடியில் எப்படி இருந்தான் என்பதை மட்டும் பார்த்து இந்த அடிக்கான விடையைச் சட்டென்று எழுதிவிடலாம். புத்தகங்களில் அதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் அதன் பெயர் அவசரக்குடுக்கை. வேகமானது, சுலபமானது, ஆனால் ஒரு நிபந்தனை: அகலக்கால் வைக்கக் கூடாது. அடி பெரிதாகிவிட்டால் சூடான கட்டம் ஆறுவதோடு நிற்காமல் ஆறித் தாண்டி உறைந்துபோகும். உறைந்தது அடுத்த அடியில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். பக்கத்துக் கட்டம் இதற்கு நேர்மாறாக ஆடும். ஆட்டம் கூடிக்கொண்டே போய், விடை என்று வருவது வெறும் பைத்தியக்காரத்தனம். கட்டத்தைப் பாதியாக்கினால் நேர அடியைக் கால்வாசியாக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

அதை மறந்தேன். மறந்ததற்குக் காரணம் ஒரு கோப்பை டீ. சரியாகச் சொன்னால் அரைக் கோப்பை டீ.

நானும் என் தங்கையும் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டில் அவளைச் சுண்டு என்போம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. கடை இருக்கும் கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்குக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் மனிதர் மூன்று தடவை பரிசோதனைக்கு வந்தார். மூன்றாம் தடவை சுண்டு, "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். மோதிரம் மாற்றிக்கொள்ளும்வரை வந்துவிட்டது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்பவர்களிடம், கணக்குப் போடுகிறவளுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். சுண்டு போய்விட்டால் பெரிய அறை எனக்கு, அலமாரி முழுக்க எனக்கு, காலையில் குளியலறை வாசலில் நின்று கத்த வேண்டாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நானே நம்பிவிடும் அளவுக்குச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளியூரில் தனியாக இருக்கும் எங்கள் அம்மா அதற்கென்றே வந்து, தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் வாயில் வைத்தார், கீழே வைத்தார். நன்றாகச் சிரித்துப் பேசினார். கிளம்பினார். கோப்பையில் பாதி டீ அப்படியே இருந்தது. அம்மா அந்தக் கோப்பையையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போது எங்கள் குடும்பத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். அம்மா பேசுவது அவளுடைய அக்காவான பெரியம்மாவோடு மட்டும். பெரியம்மா இருக்கும் அதே கட்டடத்தின் மேல்மாடியில் அத்தை இருக்கிறாள், அப்பாவின் தங்கை. அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. அப்பா போன அன்றைக்கு அத்தை, "வேற டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அம்மா அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். ஆகவே அம்மாவின் சேதி பெரியம்மாவுக்கு வந்து, பெரியம்மாவிடமிருந்து அத்தைக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை யார் என்று விசாரித்ததில், அவருடைய அம்மாவும் எங்கள் அத்தையும் வாராவாரம் பூங்காவில் ஒன்றாக நடக்கிறவர்கள் என்று தெரிந்தது. உலகம் சின்னது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டோம். சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

ஆக வரிசையாக நாலு பேர்: அம்மா, பெரியம்மா, அத்தை, சம்பந்தியம்மா. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும்தான் பேசுவார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இது பெரியம்மா போட்ட சட்டம். பெரியம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. "தினம் பேசினா வார்த்தை தடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் பேசு. கேட்டதை ஒரு வாரம் யோசி. அப்புறம் பதில் சொல்லு" என்று எப்போதோ அறிவித்தாள். குடும்பம் முழுவதும் மணி அடித்தாற்போலக் கீழ்ப்படிந்துவிட்டது. மேல்மாடியில் இருக்கும் அத்தைகூட உப்புக் கடன் கேட்கத் திங்கட்கிழமை கீழே இறங்கமாட்டாள். பூங்காவில் நடப்பதும் ஞாயிறு காலைதான். அம்மா எனக்குப் போன் போடுவதற்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது.

முதல் ஞாயிறு அம்மா பெரியம்மாவிடம் போனில் கொட்டித் தீர்த்தாள். "பாதி டீயை வச்சிட்டுப் போயிட்டாங்கக்கா. வாய்ல வைக்க விளங்கலன்னுதானே அர்த்தம்?" அதே காலை பூங்காவில் சம்பந்தியம்மா அத்தையிடம், "பொண்ணு தங்கம். அவங்கம்மா தங்கத்துக்கு மேல" என்று பூரித்தார். பெரியம்மா கோபத்தை ஊறவைத்தாள். அத்தை சந்தோஷத்தை ஊறவைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு பெரியம்மா சூட்டோடு படியேறினாள். அத்தை குளிர்ச்சியோடு படியிறங்கினாள். படிக்கட்டின் நடுவிலேயே ஒருவர் சரக்கை மற்றவர் தலையில் இறக்கினார்கள். பெரியம்மா குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தாள். அத்தை கொதித்துப்போய் மேலே போனாள்.

மூன்றாம் ஞாயிறு பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க உன்னைத் தலைமேல வச்சுக் கொண்டாடுறாங்க. நீ என்னடான்னா ஒரு டீக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க." அம்மா கூனிக்குறுகிப் போனாள். உருகிய உருக்கத்தில் கடையிலேயே உசத்தியான டீத்தூளாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி, சம்பந்தியம்மாவுக்குப் பார்சல் அனுப்பினாள். அதே காலையில் பூங்காவில் அத்தை, "ஒரு டீக்காக உன்னைப் பத்தி என்னென்ன பேசுறாங்க தெரியுமா?" என்று சம்பந்தியம்மாவின் காதில் போட்டிருந்தாள். பார்சலைப் பிரித்த சம்பந்தியம்மா, "டீத்தூள் வாங்க எங்களுக்கு வக்கில்லையா?" என்று ருத்ரதாண்டவம் ஆடினார்.

அதற்கப்புறம் படிக்கட்டில் மறுபடி மாற்றிக்கொண்டார்கள். அம்மா உருகிய கதை ஊறி ஊறிச் சம்பந்தியம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆறு பீங்கான் கோப்பைகள் வாங்கி அம்மாவுக்கு அனுப்பினார். ஆனால் "வக்கில்லையா" என்ற வார்த்தையும் அதே வாரம் அம்மாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. "நம்ம வீட்டுல நல்ல கப்பு இல்லைன்னு சொல்லாம சொல்றா பாரு" என்று அம்மா எனக்குப் போன் போட்டுக் கத்தினாள். நான் காதிலிருந்து போனை ஒரு முழம் தள்ளி வைத்துக் கேட்டேன்.

இப்படியே போயிற்று. இவள் கும்பிடும்போது அவர் முறைத்தார், அவர் கும்பிடும்போது இவள் முறைத்தாள். டீயில் ஆரம்பித்தது வளர்ப்புக்குப் போய், வளர்ப்பிலிருந்து வம்சத்துக்குப் போயிற்று. சமாதானங்களும் சும்மா இல்லை, சண்டைக்கு ஈடாக அவையும் பெருத்தன. கடைசியாக அம்மா அனுப்பிய சமாதானம் ஒரு கம்பளிப் போர்வை. அது போன வேகத்தில் திரும்பி வந்தது, கூட ஒரு மின்விசிறியோடு.

ஒரு வெள்ளிக்கிழமை சுண்டு வேலையிலிருந்து வந்து மோதிரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பேன். இது தீரலன்னா இதைத் திருப்பிக் கொடுத்துடுவேன்."

"உங்க ரெண்டு பேருக்குள்ள ஒண்ணும் இல்லையேடி. அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணார்?"

"அவர் ஒண்ணும் பண்ணல. என்னால முடியல அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் நல்ல மனிதர். அவருக்குப் பக்கத்தில் சுண்டு சிரிக்கிற சிரிப்பை வேறு யாருக்குப் பக்கத்திலும் நான் பார்த்ததில்லை. அந்தக் கல்யாணம் ஒரு அரைக் கோப்பை டீயில் மூழ்கப்போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. விடை சரியா தப்பா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம், படம் பளபளவென்று இருக்க வேண்டும். ஓட்டுத் தொழிற்சாலைக்காக நான் போட்டிருந்த சூளைக் கணக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, கட்டம் கட்டமாத் தெரியுது? இன்னும் நைஸா வரணும்."

"வரும் சார்" என்றேன். கட்டங்களைப் பாதியாக்கினேன். அம்மாவின் போன் வந்தது. மின்விசிறிக்குப் பதில் என்ன அனுப்பலாம் என்று கேட்டாள். ஒன்றும் அனுப்பாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, நேர அடியைத் தொடாமலே கணக்கை ஓடவிட்டேன். படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அவருக்கு அனுப்பினேன். அவரோ திறந்து பார்த்துச் சொக்கிப்போய், நேராகத் தொழிற்சாலைக்கே அனுப்பிவிட்டார்.

மத்தியானம் தொழிற்சாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். நிதானமான மனிதர். குரலில் கவலைதான் இருந்தது.

"அம்மா, படம் பாத்தேன். எங்க சூளைல ஒரு ஓடு சூரியனைவிடச் சூடா இருக்கு. அதுக்குப் பக்கத்து ஓடு மைனஸ் நாப்பதாயிரம் டிகிரி. அதுக்கடுத்து மறுபடியும் சூரியன். ஆளுங்களை வெளிய வரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. தப்பு என்னோடது. நாளைக்கு வேற அனுப்பறேன்."

"இல்ல, காலைல ஒரு ஓட்டைத் தொட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் கணக்குன்னு சொல்றீங்களேன்னு பயந்துட்டேன்."

வெட்கத்தில் காது சிவக்கப் படத்தைத் திறந்தேன். அடேயப்பா! ஒரு கட்டம் சிவப்பு, ஒரு கட்டம் நீலம், மறுபடி சிவப்பு, மறுபடி நீலம். அடுத்த அடியில் சிவப்பெல்லாம் நீலம், நீலமெல்லாம் சிவப்பு, நிறம் மட்டும் இன்னும் அடர்த்தி. பளபளா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "வரிக்குதிரை மாதிரி என்ன அழகு! இதைப் போய்த் தப்புங்கற?"

 அந்தச் சிவப்பையும் நீலத்தையும் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறேன். எழுந்துபோய் ஆபீஸ் வெள்ளைப் பலகையில் நாலு பேரையும் வரிசையாக எழுதி, வாராவாரம் யார் கொதித்தார்கள், யார் குளிர்ந்தார்கள் என்று கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டேன். பிசகாமல் அதே வரிக்குதிரை. யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் போன வார மனநிலைக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதில் போய்ச் சேரும்போது அந்த ஆள் வேறு ஆளாகியிருந்தார். ஒரு வாரம் என்பது எங்கள் குடும்பத்துக்கு மிகப் பெரிய அடி.

பளபளா பலகையை வெகுநேரம் பார்த்தார். "அத்தைங்கறது எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

முதல் வைத்தியம் எளிதானது: அடியைச் சின்னதாக்குவது. சட்டத்தை மீறி அன்றைக்கே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்பதுதான் அவள் முதல் கேள்வி.

"திங்கள். பெரியம்மா, கொஞ்ச நாளைக்கு எல்லாரும் தினமும் பேசுங்க. ரெண்டு நிமிஷம் போதும். எல்லாம் தானா அடங்கிடும்."

"உனக்கு மூளை கலங்கிடுச்சா? வாரத்துக்கு ஒரு தடவை பேசியே மின்விசிறி வரைக்கும் வந்தாச்சு. தினம் பேசினா வீட்டையே பேத்து அனுப்புவாங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கின் விஷமமே அங்கேதான். ஆட்டம் அதிகமானால் இன்னும் தள்ளி நில், இன்னும் பொறுத்துப் பேசு என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அப்போதுதான் நெருங்கி நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வேண்டும். இதைத் தலைமையாசிரியைக்கு விளக்கினேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று வைத்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது இரண்டாம் வழி. அவசரக்குடுக்கைக்கு நேர் எதிரான முறை அது. போன அடியில் யார் எப்படி இருந்தார்கள் என்பதை வைத்து மட்டும் விடை எழுதாது. எல்லாக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து, "நீ இப்படியானால் நான் எப்படி, நான் அப்படியானால் அவன் எப்படி" என்று அத்தனையும் சேர்ந்து ஒத்துப்போகும் விடையைத் தேடும். ஒவ்வோர் அடிக்கும் வேலை அதிகம், ரத்தக் கண்ணீர் வரும். ஆனால் எவ்வளவு பெரிய அடி வைத்தாலும் அது பைத்தியம் பிடித்து ஆடாது. ஓட்டுத் தொழிற்சாலைக் கணக்கை அந்த முறையில் மறுபடி போட்டு அனுப்பினேன். படம் சாந்தமாக, ஒரே சீராக வந்தது. தொழிற்சாலை முதலாளி பெருமூச்சு விட்டார். பளபளாவுக்குத்தான் வரி போனதில் வருத்தம்.

சூளை சரியாயிற்று. வீடுதான் பாக்கி. நாலு பேரிடமும் தனித்தனியாக, "ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடறேன், ஒரு முக்கியமான விஷயம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். மற்றவர்களும் இருப்பார்கள் என்று மூச்சுவிடவில்லை.

ஞாயிறு வந்தது. சுண்டு மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் மோதிரம். அதன் பக்கத்தில் என் போனைப் படுக்கவைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, ஒவ்வொருவராக இணைத்தேன். நாலு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஹலோ வந்தது.

"யாரது?" என்றாள் அம்மா.

"நீங்க யாரு?" என்றார் சம்பந்தியம்மா.

"நான்தான்" என்றாள் அத்தை. அம்மா போனை வைக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 

"யாரும் போனை வைக்கக் கூடாது" என்றேன். "வச்சீங்கன்னா இந்தக் கல்யாணம் இல்ல. மோதிரம் மேசை மேல இருக்கு. யார் என்ன சொன்னாங்கன்னு யாரும் சொல்ல வேண்டாம். இப்ப, இந்த நிமிஷம், உங்க மனசுல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். சந்தை இரைச்சல் தோற்றது. அத்தனை சத்தத்தையும் பிளந்துகொண்டு பெரியம்மாவின் பள்ளிக்கூடக் குரல் எழுந்தது. "அமைதி! ஒவ்வொருத்தரா! பேசணும்னா கையைத் தூக்குங்க!"

"போன்ல எப்படிங்க கையைத் தூக்குறது?" என்றார் சம்பந்தியம்மா அப்பாவியாக. சுண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அது ஒரு போராட்டம். ஒருவர் ஒரு படி இறங்கினால் மற்ற மூவரும் தங்கள் நிலையைத் திருத்த வேண்டும். திருத்தியதைக் கேட்டு முதலாமவர் மறுபடி யோசிக்க வேண்டும். பெரியம்மா கறாராக முறை வைத்தாள். மின்விசிறி போயிற்று, போர்வை போயிற்று, வம்சம் போயிற்று, வளர்ப்பு போயிற்று. கடைசியில் தரை தட்டி டீயில் வந்து நின்றது.

"ஏங்க பாதிய வச்சீங்க?" என்று அம்மா கேட்டே விட்டாள். இத்தனை வாரத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் நேராகக் கேட்டிருக்கவில்லை.

"கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தீங்க. முதல் வாய்லயே நாக்கு பொத்துப்போச்சு. ஊதி ஊதிப் பாதி குடிச்சுட்டு, மிச்சம் ஆறட்டும்னு வச்சேன். அதுக்குள்ள பையன் கிளம்பலாம்னு எழுந்துட்டான்."

"அடக்கடவுளே! சொல்லியிருக்கலாமே!"

"முதல் தடவை வந்த வீட்டுல நாக்கு வெந்துடுச்சுன்னு எப்படிங்க சொல்றது?"

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். எது எப்போது ஆறும் என்று சொல்லித்தான் நான் சோறு தின்கிறேன். என் கண்ணெதிரே ஒரு கோப்பை டீ ஆறாமல் இருந்திருக்கிறது.

அம்மா சிரித்தாள். சம்பந்தியம்மா சிரித்தார். பெரியம்மா, சிரிப்பதற்கும் முறை உண்டு என்று நினைத்தோ என்னவோ, கடைசியில் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அத்தையின் குரல் தனியாக வந்தது.

"அண்ணி... அன்னிக்கு அந்த டாக்டர் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது."

 "விடு. உனக்கும்தானே அண்ணன் போனாரு" என்றாள் அம்மா.  

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வருகிற மாதமே கல்யாணம் என்று முடிவானது. டீயை யார் போடுவது என்றுகூடப் பேசி, சம்பந்தியம்மாவே போடுவதாக ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முறை ஜெயித்துவிட்டது! "பாத்தியா?" என்று சுண்டுவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். "எடுத்துப் போட்டுக்கோ."

அவள் மோதிரத்தைத் தொடவில்லை.

"நான் கழட்டினது டீக்காக இல்ல அக்கா."

"பின்ன?"

"நாலு பேரைப் பலகைல எழுதிக் கணக்குப் போட்டேன்னு சொன்னியே. அதுல உன்னை எங்க எழுதின?"

"நான் எதுக்கு? எனக்குத்தான் கோபமே இல்லையே. பெரிய ரூம் கிடைக்கப்போகுது, அலமாரி..."

"அலமாரிக் கதைய விடு" என்றாள். குரல் உயரவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது. "கல்யாணம் நின்னுடும்போல இருந்த ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாத்திரம் கழுவுறப்ப நீ பாட்டுப் பாடின. சரியாகிடும்போல இருந்த அன்னிக்கெல்லாம் சாப்பிடாமப் படுத்த. கேட்டா பசிக்கலன்ன. உனக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

எனக்குத் தெரியாது. அவள் சொன்னதும்தான் தெரிந்தது, அது உண்மை என்றும் தெரிந்தது. அவளை அனுப்பிவைக்க ஊரையே கூட்டிவைத்துக் கணக்குப் போட்டவள், உள்ளுக்குள் ஒரு மூலையில் அவள் போகாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"நான் போறது உனக்கு ஒரு பொருட்டே இல்லங்கிற மாதிரி நீ பேசிட்டே இருந்தா நான் எப்படிக்கா போவேன்?" என்றாள். "ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லு."

வாயில் வந்த நாலு கிண்டலையும் விழுங்கினேன். "நீ போறது எனக்குப் பிடிக்கல" என்றேன். "நீ இல்லாத வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கணும்னு நினைச்சாலே பயமா இருக்கு. அலமாரியை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணப்போறேன்?"  அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டே அழுதேன்.

என் அழுகைக்கு நடுவில் வேறெங்கோ யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நாங்க எல்லாரும் லைன்லதான் இருக்கோம்" என்றாள் பெரியம்மா, மூக்கடைத்த குரலில்.

"ஏண்டி, தனியா எதுக்குக் கிடக்கணும்? நீ என்கூட வந்துடு" என்றாள் அம்மா.

"அண்ணி, அங்கிருந்து அவ எப்படி ஆபீஸ் போவா? எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றாள் அத்தை.

"மாடியேறி இறங்கி அவ காலு என்னத்துக்காகும்? கீழ் வீட்டுல தனி ரூமே சும்மாக் கிடக்கு" என்றாள் பெரியம்மா.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? ரெண்டு பொண்ணுங்களும் எங்க வீட்டுக்கே வந்துடட்டும்" என்றார் சம்பந்தியம்மா.

"அது எப்படிங்க? என் பொண்ணை நீங்க..." என்று அம்மா ஆரம்பித்தாள். அத்தை குறுக்கிட்டாள். பெரியம்மா கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினாள். சுண்டு கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

 அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கைக்குட்டையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"பிடிக்கலன்னு இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவள் மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.